பாவைக்கூத்தும் கைபேசியும்

இக்காலத்தில் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படுகிறது. தவழும் குழந்தை முதல் தள்ளாடும் கிழவர் வரையில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திரை ஒளி வீசிக்கொண்டிருக்கிறது. அத்திரையில் உருவங்கள் ஆடுகின்றன, பாடுகின்றன, அழுகின்றன, சிரிக்கின்றன. ஒளியையும் திரையையும் கொண்டு உருவங்களை ஆட்டிக் கதை சொல்லும் வித்தை மேல்நாட்டில் நேற்றுப் பிறந்தது என்றே நம்மவரிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதே வித்தையை ஓர் எண்ணெய் விளக்கையும் ஒரு வெள்ளைத் துணியையும் கொண்டு செய்து காட்டியவர்கள் நம் நாட்டுப் பாவைக்கூத்தர்கள் என்பதை எடுத்துச் சொல்வாரில்லை. அக்கூத்தர்களின் பிள்ளைகளோ வேறு பிழைப்பைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பொம்மலாட்டத்தையும் தோற்பாவைக் கூத்தையும் புதிய சாதனங்களின் உதவியால் இக்காலத்து ஜனங்களிடம் சேர்க்க வேண்டும் என்ற யோசனை இப்பொழுது கலாபிமானிகளிடையே பிரஸ்தாபிக்கப்பட்டு வருகிறது. கூத்துக் கொட்டகையைக் காலியாக்கியதே இந்தக் கைபேசிதானே, அதைக்கொண்டே கூத்தைத் திரும்ப அழைப்பதா என்று சிலர் நகைக்கிறார்கள். கூத்தைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றிவிட்டால் போதும், கலை தானே பிழைத்துக்கொள்ளும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இவ்விரு கட்சியாரும் விஷயத்தில் பாதியையே கண்டிருக்கின்றனர் என்பது நமது அபிப்பிராயம். புதிய சாதனம் இக்கலைக்கு உதவும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் திரைக்கு முன்னால் தெரியும் பாவையை மட்டும் ஏற்றுக்கொண்டு, திரைக்குப் பின்னால் நிற்கும் மனிதருடைய பெயரையும் கூலியையும் உரிமையையும் விட்டுவிட்டால், அதனால் கலைக்கு விளையும் நன்மை மிகச் சொற்பமே. இதையே பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களிலுள்ள நம் நேயர்களிடம் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கலையின் தொன்மையும் உழைப்பும்

திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்தில், உள்ளத்தில் நாணமற்றவர் நடமாடுவதைக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையின் நடமாட்டத்துக்கு ஒப்பிடுகிறார். இரவு என்னும் அதிகாரத்திலும் மரப்பாவையை உவமையாக எடுத்தாளுகிறார். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தோற்பாவையின் கூத்தைத் தம் நிலைக்கு உவமை கூறுகிறார். கேட்பவருக்குத் தெரியாத பொருளை உவமையாகச் சொல்லிப் பயனில்லை. ஆகவே மரப்பாவையும் தோற்பாவையும் அக்காலத்து ஜனங்கள் நன்கறிந்த காட்சிகளாய் இருந்தன என்று கொள்வதில் தடையில்லை.

இவ்விரண்டும் வெவ்வேறு கலைகள். பொம்மலாட்டத்துக்குரிய பொம்மைகளைக் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். கனமற்ற மரமாயினும், உடையும் நகையும் பூட்டிய பின் ஒரு பொம்மை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் வரையில் இருப்பதுண்டு. இந்தியாவின் கயிற்றுப் பாவைகளில் தமிழ்நாட்டுப் பொம்மைகளே மிகப் பெரியவை என்பர். அவற்றின் கயிறுகள் ஆட்டுபவரின் தலையில் அணிந்த வளையம் ஒன்றில் கட்டப்பட்டிருக்கும். கைகளைக் கம்பிகளால் இயக்குவார்கள். பாரத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு, இரு கைகளாலும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தாளம் பிசகாமல் அவர் ஆடினாலன்றித் திரைக்கு முன்னால் வள்ளி ஆடமாட்டாள், சந்திரமதி அழமாட்டாள்.

தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவங்களாக வெட்டி, நுண்ணிய துளைகளிட்டு, இருபுறமும் ஒளி ஊடுருவும்படி வர்ணம் தீட்டுகிறார்கள். விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவே அவை ஆடும்பொழுது, முன்னால் அமர்ந்திருப்போர் கண்டு களிப்பது அவற்றின் வர்ண நிழலை. ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் அனுமனுக்கும் ஒருவரே குரல் மாற்றிப் பேசுகிறார், பாடுவதும் அவரே. வாத்தியத்துக்கும் பின்பாட்டுக்கும் குடும்பத்தார் துணை நிற்பர். இக்கலையைத் தமிழ்நாட்டில் நடத்தி வருவோர் பெரும்பாலும் மண்டிகர் என்னும் சமூகத்தார். அவர்களுடைய வீட்டுமொழி மராத்தி. தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் இங்கு வந்தவர்கள் என்று கூறுவர். வீட்டில் ஒரு மொழி பேசி, மேடையில் தமிழில் ராமாயணமும் நல்லதங்காள் கதையும் சொல்லி, தலைமுறை தலைமுறையாகத் தமிழரை அழவைத்தும் சிரிக்கவைத்தும் வந்திருக்கிறார்கள். பேராசிரியர் மு. ராமசாமி, அ. கா. பெருமாள் போன்ற ஆராய்ச்சியாளர்கள் இவர்களுடைய கலையைப் பற்றி விரிவாக எழுதியிருப்பது நாம் நன்றியுடன் குறிப்பிடவேண்டிய விஷயம்.

நமது ஜில்லாக்களுக்கு என்ன சம்பந்தம்?

பொம்மலாட்டத்துக்குப் பெயர் பெற்றவை கும்பகோணமும் மயிலாடுதுறையும், தோற்பாவைக் கூத்துக்குப் பெயர் பெற்றவை தென்ஜில்லாக்கள், அப்படியிருக்கப் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கலைஞன் பிறந்த ஊர் மாத்திரம் கலைக்குரிய ஊர் அன்று. கூத்தை அழைத்து, பந்தலிட்டு, விடிய விடிய விழித்திருந்து கண்டு, நெல்லும் காசும் கொடுத்து அனுப்பும் ஊருக்கும் அதில் பங்குண்டு. அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம் நமக்குத் தூரமில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நம் மேட்டு நிலத்தில், அறுவடை முடிந்து திருவிழா தொடங்கும் காலமே கூத்துக்கு ஏற்ற காலம்.

இவ்விரு ஜில்லாக்களும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று; 2007-ல் அரியலூர் அதனின்றும் பிரிந்தது. இப்பகுதியார் கலைஞரையும் புலவரையும் எவ்வாறு ஆதரித்தனர் என்பதற்குச் சிறந்த சாட்சி மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855-ல் பிறந்த அப்பெரியார் இளம்பிராயத்தில் அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் தங்கித் தமிழ் கற்றவர். அவருடைய தந்தையார் சங்கீத வித்துவான். கிராமந்தோறும் சென்று ராமாயணக் கதை செய்து, ஊரார் மனமுவந்து அளித்ததைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். 'என் சரித்திரம்' படித்த அன்பர்களுக்கு இது நினைவிருக்கும். நெல் கொடுத்தும் வீடு கொடுத்தும் அக்குடும்பத்தைத் தாங்கிய எளிய கிராமத்தார் தமிழுக்குச் செய்த உபகாரத்தை அளவிட முடியாது.

சாமிநாதையர் பிற்காலத்தில் செய்த காரியம் நமது இன்றைய விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. கறையான் அரித்துக்கொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து, ஒப்பிட்டுத் திருத்தி, அக்காலத்துப் புதிய சாதனமாகிய அச்சு யந்திரத்தில் ஏற்றினார். 1887-ல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும், 1898-ல் மணிமேகலையும் தொடர்ந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்த யந்திரமாயிற்றே என்று அவர் தயங்கவில்லை. அதே சமயத்தில், கிடைத்ததைக் கிடைத்தபடி அச்சுக்குக் கொடுத்துவிடவும் இல்லை. ஏடு தந்தவர்கள் இன்னார் என்று தம் பதிப்புகளில் நன்றியுடன் குறித்து வைத்தார். புதிய சாதனத்தைக் கையாளுவதற்கு இதைவிட மேலான முன்மாதிரி நமக்குத் தேவையில்லை.

முன்னர் வந்த யந்திரங்கள்

புதிய யந்திரம் பழைய கலையைச் சந்திப்பது இது முதல் தடவையன்று. இசைத்தட்டு வந்தது; நாடக மேடையில் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல், அவரைக் கண்ணாலும் காணாத கிராமத்தாரின் காதுகளுக்கு எட்டிற்று. அவர் 1933-ல் மறைந்த பிறகும் அக்குரல் மறையவில்லை. 1931-ல் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து நாடக நடிகர்கள் பலர் சினிமாவில் புகுந்தனர். பாவைக்கூத்தருக்கு அந்த வழியும் திறக்கவில்லை. டூரிங் கொட்டகை ஊருக்கு வந்தவுடன், அதே காசுக்கு மின்சாரத்தில் ஓடும் நிழலைப் பார்க்க ஜனங்கள் போய்விட்டார்கள்.

திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கிற்று. சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் அது பேருதவி புரிந்தது. ஆயினும் கண்ணால் காணவேண்டிய பாவைக்கு வானொலியால் என்ன செய்ய முடியும்? சென்னையில் தொலைக்காட்சி 1975-ல் வந்தபொழுது கண்ணும் காதும் ஒருங்கே கிடைத்தன. ஆனால் எதை, எப்பொழுது, எத்தனை நிமிஷம் காட்டுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நிலையத்தாரிடம் இருந்தது. இரவெல்லாம் நடக்கும் கூத்து அரை மணி நேரமாகக் குறுகவேண்டியதாயிற்று.

2005-ல் யூடியூப் தோன்றியது. சுமார் 2016 முதற்கொண்டு கைபேசியில் இணையம் மிக மலிவாய்க் கிடைக்கத் தொடங்கிற்று. இந்தச் சாதனத்தில்தான் முதன்முறையாகக் கலைஞன் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தானே ஒலிபரப்பாளன் ஆகக்கூடிய வழி ஏற்பட்டிருக்கிறது. முந்திய யந்திரங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் நம் ஜில்லாக்காரர்கள் தங்கள் ஊர்த் தேரோட்டத்தை அங்கிருந்தபடியே கண்டு கைகூப்புகிறார்கள். தேரைக் காட்டும் சாதனம் கூத்தைக் காட்டாதா?

ஜாவாவைப் பாருங்கள்

இவ்விஷயத்தில் பிற நாட்டார் என்ன செய்தனர் என்று பார்ப்போம். இந்தோனேஷியாவில் 'வயாங்' எனப்படும் நிழற்பாவைக் கூத்து ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் இன்றும் ஆட்டிக் காட்டுகிறது. அந்நாட்டு ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அக்கூத்தை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் செல்வங்களில் ஒன்றாக 2003-ல் பிரகடனம் செய்தது. யோக்யகர்த்தாவைச் சேர்ந்த கி செனோ நுக்ரோஹோ என்னும் புகழ்பெற்ற கூத்தர் தம் கூத்துக்களை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பி, இளைஞர் கூட்டத்தைத் தம்பால் இழுத்தார். கொரோனா நோயினால் கூட்டங்கள் தடைபட்ட 2020-ல், சிறு குழுவுடன் தம் வீட்டிலிருந்தே கூத்து நடத்தினார். அவ்வருஷம் நவம்பரில் அவர் காலமானார்; அவர் திறந்த வழி மூடவில்லை.

நம் அண்டை நாடாகிய இலங்கையின் 'ரூகட' என்னும் கயிற்றுப் பாவை நாடகம் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. ஜப்பானியரின் பாவை நாடகம், சிசிலித் தீவின் பாவை நாடகம், துருக்கியரின் நிழற்கூத்து, சீனரின் நிழற்கூத்து ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. வள்ளுவர் காலத்திலிருந்து பாவை ஆடிவரும் இந்தியாவின் பாவைக்கூத்து ஒன்றேனும் அதில் இல்லை. பட்டியலில் ஏறினால்தான் கலைக்கு மதிப்பு என்று நாம் சொல்லவில்லை. தம் பொருளைத் தாமே மதிப்பவரைத்தான் உலகமும் மதிக்கும் என்பதற்கு இதை ஓர் அறிகுறியாகச் சொல்லுகிறோம். அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஏறக்குறைய 1025-ல் அக்கடல்களைக் கடந்து சென்றது. அன்று நம்மவர் கலத்தில் சென்று கண்ட தீவுகளிலிருந்து இன்று நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் கலாபிமானம்.

நாம் செய்த பிழை

இங்கே நமது குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்வது முறை. சில வருஷங்களுக்கு முன் நமது பத்திரிகையில் தோற்பாவைக் கூத்துப் படம் ஒன்றை வெளியிட்டோம். அசோக வனத்தில் அனுமன் நிற்கும் காட்சி அது. படத்தின் கீழே அனுமன் பெயரை அச்சிட்டோம், ஊரின் பெயரை அச்சிட்டோம், படம் பிடித்தவர் பெயரையும் அச்சிட்டோம். சில தினங்களில் நேயர் ஒருவரிடமிருந்து தபால் கார்டு வந்தது. அனுமனை ஆட்டியவருக்குப் பெயர் இல்லையா என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். நாம் விசாரித்தோம். படம் பிடித்தவருக்கும் தெரியவில்லை. நமது நிருபருக்கும் தெரியவில்லை. கலையைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு நாம் கலைஞனை மறைத்துவிட்டோம்.

நாம் ஒரு படத்தில் செய்த பிழையை இணையம் ஆயிரம் தடவை செய்கிறது. கோயில் கொட்டகையில் ஒருவர் கூத்து நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே அமர்ந்திருக்கும் இளைஞர் அதைக் கைபேசியில் பிடித்துத் தம் பெயரால் இணையத்தில் ஏற்றுகிறார். லக்ஷம் பேர் பார்க்கிறார்கள். விளம்பரக் காசு இளைஞருக்குப் போகிறது. கூத்தருக்கு அந்தச் செய்தியும் தெரியாது. மறு வருஷம் விழாக் கமிட்டியார் கூடுகிறார்கள். கூத்தரை அழைத்தால் இத்தனை ரூபாய் செலவு. பெரிய திரை கட்டி அந்தப் படத்தையே போட்டுவிட்டால் செலவில்லை என்று ஒருவர் யோசனை சொல்லுகிறார். அவருடைய கூத்தே அவருடைய சோற்றைப் பறித்துவிடுகிறது. கதரைப் புகழ்ந்து பேசிவிட்டு நெசவாளியிடம் ஒரு முழம் துணியும் வாங்காமல் போவதற்கும் இதற்கும் என்ன பேதம்?

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரில் கல்லாகிப் போன ஒரு மரம் கிடக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அதை 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். நம் பகுதி பல கோடி வருஷங்களுக்கு முன் கடலாயிருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி. அதைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுகிறோம், செல்லவும் வேண்டும். ஆயினும் அம்மரம் இனித் தளிர்க்கப் போவதில்லை. கலைஞன் பிழைக்க வழி செய்யாமல் கூத்தைப் படம் பிடித்து மாத்திரம் சேமித்து வைப்போமானால், நம் பேரப்பிள்ளைகளுக்கு இன்னொரு கல்மரத்தை வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஆவோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

வக்கீல் தொழிலிலும் ஈடுபட்டிருப்பதால் சட்டத்தின் நிலையைச் சிறிது விளக்குவது நமது கடமை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துவோருக்கு உரிமை வழங்கியது. யார் நிகழ்த்துவோர் என்று சட்டம் விவரிக்கும்பொழுது நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நாட்டியக்காரர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாம்பாட்டிக்கு இடமளித்த சட்டம் பாவையாட்டியைப் பெயர் சொல்லவில்லை. எனினும் நிகழ்ச்சி நிகழ்த்தும் வேறு எவரும் என்ற சொற்கள் அதில் இருப்பதால், அவருக்கும் அவ்வுரிமை உண்டு என்பதில் ஐயமில்லை.

அவ்வுரிமை 50 வருஷங்களுக்குச் செல்லும். 2012-ல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது. அதன்படி 38-ஏ பிரிவு, நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் ஜனங்களுக்கு வெளியிடவும் நிகழ்த்துபவருக்கே உரிமை அளிக்கிறது. வியாபாரத்துக்காகப் பயன்படுத்தினால் அவருக்குப் பங்குத் தொகை சேரவேண்டும் என்றும் சொல்லுகிறது. 38-பி பிரிவின்படி, இதை நிகழ்த்தியவர் நான் என்று தம் பெயரைக் குறிப்பிடச் செய்யும் உரிமையும், தம் நிகழ்ச்சியைச் சிதைத்துக் கௌரவத்துக்குப் பங்கம் விளைவிப்பதைத் தடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் படமாக்கச் சம்மதம் என்று எழுத்து மூலம் கையொப்பமிட்டுவிட்டால், வேறு நிபந்தனை எழுதப்படாதவரையில், படம் எடுத்தவர் அதை அனுபவிப்பதைப் பிறகு ஆக்ஷேபிப்பது கடினம். ஆகவே படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையொப்பமிடலாகாது. சட்டம் நன்றாகவே இருக்கிறது. கூத்துக் கொட்டகையின் பின்புறத்துக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. இவ்விரு ஜில்லாக்களிலும் உள்ள இளம் வக்கீல்கள் கூத்தர்களுக்கு ஒரு பக்கத்தில் தெளிவான தமிழில் ஒப்பந்தம் ஒன்று எழுதிக் கொடுப்பார்களானால் அது பெரிய தேசத் தொண்டாகும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, படம் பிடிக்கும் முறை. கூத்து முழுவதையும் ஒரு முறை குறைக்காமல் பதிவு செய்து வைக்கவேண்டும். அது வருங்காலத்துக்கு. இணையத்தில் ஏற்றுவதற்குப் பத்து நிமிஷ அளவில் கட்டங் கட்டமாகத் தனியே எடுக்கவேண்டும். அரிச்சந்திரன் கதையைத் தொடர்கதை போல் பல கட்டங்களாக வெளியிட்டால், அடுத்த கட்டத்துக்கு ஜனங்கள் காத்திருப்பார்கள். கைபேசியின் காமிரா இருட்டைக் கண்டால் தானாகவே ஒளியைக் கூட்டிக்கொள்ளும். தோற்பாவையின் சிவப்பும் பச்சையும் அப்பொழுது வெளுத்துவிடும். ஆகவே திரையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி ஒளியளவை நிலைநிறுத்திவிட வேண்டும். பந்தலில் மற்ற விளக்குகளையும் அணைக்கவேண்டும். குரலுக்கு ஒலிவாங்கியைக் கூத்தர் அருகிலேயே வைக்கவேண்டும். இவற்றோடு, திரையின் பின்புறத்தையும் ஒரு பகுதி படம் பிடிப்பது அவசியம். பத்துக் கிலோ பொம்மையைத் தலையில் தாங்கி ஆடும் மனிதரைக் கண்டவன், அடுத்த முறை அப்பொம்மையைச் சாதாரணமாகப் பார்க்கமாட்டான்.

இரண்டாவது, இணைய வருவாயைப் பற்றிய மயக்கம் தீரவேண்டும். யூடியூபில் விளம்பரப் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பொது விதி. ஒரு கூத்துக் குடும்பம் அதை எட்டுவது எளிதன்று. எட்டினாலும் கிடைப்பது சொற்பம். ஆகவே இணையத்தைக் கூத்தின் விளைநிலமாக நினையாமல், ஊர் ஊராய்ச் செல்லும் தண்டோராவாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் குழுவின் பெயர், நடத்தும் கதைகள், அழைக்க வேண்டிய முறை ஆகியவை இருக்கட்டும். ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்பதைவிட, அதைப் பார்த்து எத்தனை ஊரார் அழைத்தனர் என்பதே நமக்குக் கணக்கு.

மூன்றாவது, ஊராரின் கடமை. இரு ஜில்லாக்களிலும் உள்ள திருவிழாக் கமிட்டியார், பத்து நாள் விழாவில் ஓர் இரவைப் பாவைக்கூத்துக்கு ஒதுக்கட்டும். வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு போதும். 2020-லும் 2021-லும் நோயினால் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் தடைபட்டபொழுது, நாட்டுக் கலைஞர்கள் ஒரு வருஷத்துச் சோற்றையே இழந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, பள்ளிக்கூடங்கள். பிள்ளைகளுக்குத் திரையில் படம் காட்டுவதோடு நில்லாமல், வருஷத்துக்கு ஒரு முறை கூத்தரையே வரவழைக்க வேண்டும். தாமே ஒரு பாவையைக் காகிதத்தில் வெட்டி விளக்கின் முன் ஆட்டிப் பார்த்த பிள்ளை, அக்கலையை ஒரு நாளும் ஏளனம் செய்யமாட்டான்.

ஐந்தாவது, தொழிற்சாலைகள். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு நடைபெறும் சிமெண்ட் ஆலைகளை யாவரும் அறிவர். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய 3 வருஷங்களின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணை, பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதையும் அப்பொதுநலக் காரியங்களில் ஒன்றாகச் சொல்லுகிறது. நமது மண்ணைத் தோண்டி எடுப்பவர்கள், அந்த மண்ணில் ஒரு கூத்து நடைபெற உதவட்டும் என்று கேட்பது யாசகமாகாது. ஊராட்சித் தலைவர்களும் சட்டசபை அங்கத்தினர்களும் எழுத்து மூலம் இதைக் கேட்கவேண்டும்.

ஓர் ஆக்ஷேபம்

பழைய புராணக் கதைகளை இக்காலத்து இளைஞர் ஏன் பார்க்கவேண்டும் என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். இவர்கள் கூத்தை நேரில் பார்த்தவர்கள் அல்லர் என்றே எண்ணுகிறோம். பொம்மலாட்டத்தில் கோமாளி உண்டு. தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரு விகடர்கள் உண்டு. இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே இவர்கள் நடுவில் புகுந்து உள்ளூர் விவகாரத்தைப் பேசுவார்கள். விலைவாசியையும், கடன்காரனையும், பெரிய மனிதரையும் பரிகசிப்பார்கள். நேற்று நடந்ததை இன்று மேடையில் சொல்லும் சுதந்திரம் இக்கலைக்கு எக்காலத்திலும் இருந்திருக்கிறது. பத்து நிமிஷப் படத்துக்கு இவ்விரு விகடர்களைவிடப் பொருத்தமானவர் யார்? புதிய கதைகளைப் புகுத்த வேண்டுமானால் கூத்தர்களே அதைச் செய்துகொள்வார்கள். நாம் அவர்களுக்குப் பாடம் எழுதிக் கொடுக்க முற்படாமல், அவர்கள் பேசுவதற்கு இடம் கொடுத்தால் போதும்.

தம் மகன் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று ஒரு கூத்தர் தீர்மானித்தால் அவரைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. நம் பிள்ளைகளை டாக்டருக்கும் எஞ்சினியருக்கும் படிக்க வைத்துவிட்டு, அவருடைய பிள்ளை மட்டும் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நம் பண்பாட்டைக் காக்கவேண்டும் என்று உபதேசிப்பது அழகாகாது. படித்த பிறகும் அப்பிள்ளை விரும்பித் தகப்பனாரின் பாவையைக் கையில் எடுக்கும்படியான மதிப்பையும் வருமானத்தையும் உண்டாக்குவதே நம்மால் ஆகக்கூடியது.

நேயர்களிடம் நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. அடுத்த முறை கூத்து நடக்கும் இடத்தில் கைபேசியை உயர்த்து முன், திரைக்குப் பின்னால் சென்று, ஐயா, தங்கள் பெயர் என்ன, படம் பிடிக்கலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் படம் பிடியுங்கள்; அவர் பெயரைப் படத்தின் தலைப்பில் எழுதுங்கள்; போகும்பொழுது தட்டில் காசு போடுங்கள்; உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருவாரா என்றும் கேட்டு வாருங்கள். நமது பத்திரிகையும் இன்று முதல் கலைஞர் பெயரில்லாத கலைப்படம் எதையும் வெளியிடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறது. அன்று கார்டு எழுதிய நேயர் இதைப் படிப்பாரானால், அவருக்கு நாம் அளிக்கும் பதில் இதுவே.